பழங்கால வீட்டின் சமையலறை

வரலாற்றுப் பேராசிரியர் மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி நின்றாள்; அருங்காட்சியகத்துக்காகப் பழங்கால வீடு ஒன்றைக் கணினியில் கட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

“அடேயப்பா! சமையலறை தத்ரூபமா இருக்கே. காத்து வர ஒரு ஜன்னல்கூட இல்ல!”

“இன்னும் நல்லாப் பாருங்க.”

“கழுவுற இடத்துல நிமிர்ந்தா அலமாரி மண்டையில இடிக்கும் போல. ரெண்டு பேர் நிக்க இடமில்ல. அந்தக் காலத்துல பொம்பளைங்கள என்ன பாடு படுத்தியிருக்காங்க! இந்த வீட்டு ஆம்பள ஒரு நாளாவது உள்ள எட்டிப் பார்த்திருப்பானா?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“ஆமா, இது எந்த நூற்றாண்டு?”

“இந்த நூற்றாண்டுதாங்க. அடுப்பை மட்டும் விறகடுப்பா மாத்தினேன். மத்ததெல்லாம் நம்ம வீட்டுச் சமையலறை.”