அன்றைய டூட்டி

புளியங்குடி பஸ் கவிழ்ந்து, சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அடிபட்டவர்கள் கிடந்தார்கள். நர்ஸ் ஞானபூரணம் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆயாக்கா, ரத்தம் நிக்காதவங்கள முதல்ல உள்ள கொண்டு வாங்க. கம்பவுண்டர் அண்ணாச்சி, அந்தப் பெரியவர் காலுக்குக் கட்டை வச்சுக் கட்டுங்க. யாரும் பயப்படாதீய, எல்லாரும் பொழச்சிருவீய."

இடையிடையே சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள்.

மாலையில் டாக்டர் கடைசித் தையலைப் போட்டு நிமிர்ந்தார். "ஒரு உயிரும் போகல சிஸ்டர். இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?"

"நான்தான் சார். இன்னைக்கு டூட்டிக்கு வரல, பிரசவ வலி எடுத்துத்தான் வந்தேன். இனிமே தாங்காது."

ஆயா ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டதும், கட்டுப்போட்டுக் கிடந்த பெண்கள் படுத்தபடியே குலவையிட்டார்கள்.