புகைபோக்கியில் ஒரு கீறல்

“இந்தக் கீறல் நான் போட்டது இல்ல சார்!”

பட்டுக்கை மேசையில் வைத்த புகைபோக்கி சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. மாடல் ரயில் இன்ஜினுக்கானது. அச்சில் வார்த்தெடுத்த உலோகத் துண்டின் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதை அரத்தால் ராவி வழவழப்பாக்குவது அவள் வேலை. அந்தப் பட்டறையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ‘பட்டுக்கை’ என்ற பட்டப்பெயரே சாட்சி.

“மூணு நாளா கீறல் இருக்கு,” என்றாள் எதிரே நின்ற பூதக்கண்ணாடி. துண்டுகளைச் சரிபார்ப்பவள். கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காததால் வந்த பெயர்.

மூன்று நாள் தொடர்ந்து ரிஜெக்ட் ஆனால் அரத்தை வைத்துவிட்டுப் பேக்கிங்குக்குப் போகவேண்டும். ஒருநாளும் அரம் பிடிக்காத முதலாளி எழுதிய சட்டம்.

“மதியம் உன் தட்டுல இருக்கிற எல்லாத் துண்டையும் நானே பார்க்கிறேன்,” என்றார் மேனேஜர். “கீறல் இருந்தா, நீ பெட்டி ஒட்டத்தான் லாயக்கு.”

வேறு நாளாக இருந்தால் பட்டறையையே இரண்டாக்கியிருப்பாள். இப்போது வாயை அடக்கினாள். வயிற்றில் ஐந்து மாதம். தெரிந்தால் ‘ஓய்வு’ என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே ஓய்வுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. வீட்டில் உலை கொதிப்பதோ அவள் ஒருத்தி கையால்.

‘பார்க்கட்டும். என் தட்டில் என்ன குறை?’ என்று நிமிர்ந்து நடந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் எதற்கோ உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். பூதக்கண்ணாடி அவளுடைய தட்டின் முன் குனிந்து, ஒவ்வொரு புகைபோக்கியிலும் ஊசியால் கீறிக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! அக்கான்னு கூப்பிட்ட வாயைக் கழுவணும்! இருங்க, மேனேஜரைக் கூப்பிடுறேன்.”

“கூப்பிடு. அரம் உன் கையிலயே இருக்கும்.” பூதக்கண்ணாடி நிமிரவே இல்லை. “எத்தனை மாசம்டீ?”

பட்டுக்கை முந்தானையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டாள்.

“பித்தம்னு சொல்லி வாந்தி எடுத்தியே, அன்னிக்கே தெரியும். நாம ராவுற தூள்ல ஈயம் இருக்கு. சுவர்ல ‘உலோகத் தூள்’னு எழுதி வச்சவங்க, என்ன உலோகம்னு எழுதல. அது வயித்துல இருக்கற பிள்ளைக்கு ஆகாது.”

“அதுக்கு?”

“உள்ளதைச் சொன்னா உன்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. கை கெட்டுப்போச்சுன்னு நெனச்சா பக்கத்து ரூமுக்கு, பெட்டி ஒட்டத்தான் அனுப்புவாங்க. அங்க தூள் கிடையாது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?”

“சொன்னா? வேணும்னே மோசமா ராவுறதுக்கு உன் கை சம்மதிக்குமா?”

சம்மதிக்காது. அது பட்டுக்கைக்கே தெரியும்.

வெளியே மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டுக்கை ஊசியைப் பிடுங்கி, மிச்சமிருந்த இரண்டிலும் தானே ஆழமாகக் கீறினாள்.

“இப்படி ஒரு வழி உங்களுக்கு எப்படிக்கா தோணிச்சு?”

பூதக்கண்ணாடி லென்ஸைத் துடைத்தாள்.

“நானும் அரம் பிடிச்ச காலத்துல ரெண்டு தடவை உண்டானேன். ரெண்டு தடவையும் என் வேலையில ஒரு குத்தம்கூட யாரும் கண்டுபிடிக்கல.”