மூணாவது தூண்

"லாரி நகரப்படாதுன்னா நகரப்படாதுதான்!"

கொம்பையா அண்ணாச்சி கையை விரிச்சுக்கிட்டு லாரிக்குக் குறுக்க நின்னாரு. பின்னால ஏரல் பஜாரே திரண்டு நின்னுச்சு.

ஆத்துப் பாலத்து முனையில, தார்ப்பாய் மூடின கருங்கல் லாரி. பக்கத்துல பாலத்து இன்ஜினீயர் குமரகுருபரன், தொப்பலா நனைஞ்சு போய். காலையிலேயே பஸ்ஸை எல்லாம் நிறுத்திட்டாரு மனுஷன். ஜனங்களுக்கு எரிச்சல் வராதா?

"வழி விடுங்க அண்ணாச்சி. மூணாவது தூணடியில கயித்துல குண்டு கட்டி விட்டுப் பாத்தேன். சுத்தி மண்ணை அரிச்சு ஆள் முங்குற குழி விழுந்துட்டு. பாபநாசத்துல வேற அணை தெறந்தாச்சு. அந்தத் தண்ணி வந்தா அஸ்திவாரத்துக்கு அடியிலயும் அரிச்சிரும். அதுக்கு முந்தி குழியில கல்லைக் கொட்டணும்."

"கொட்ட வந்தீரா, அள்ள வந்தீரா? காலையில இதே லாரி பாளையங்கோட்டையில உம்ம வீட்டு மனையில நின்னுதே! என் கண்ணால பாத்தேன் வே!"

குமரகுருபரன் ஆத்தையும் லாரியையும் மாறி மாறிப் பாத்தாரு. சொன்னா யாரு நம்புவா?

"பாத்தியளா, முழிக்காரு! பாலத்துக் கல்லுல வீடு கட்டுதாரு!"

"போலீஸைக் கூப்பிடுங்கலே!"

கீழ ஆறு செக்கச்செவேல்னு ஏறிக்கிட்டே இருந்துச்சு.

"தொண்ணூத்திரெண்டு வெள்ளத்தை மறந்துட்டியளா? அதுக்குப் பெறவு தூணைச் சுத்திக் கொட்டுன கல்லு இந்தக் கோடையோட காணாமப் போச்சு. அதான் இவ்வளவு அரிப்பு. என்னைப் பெறவு எங்கன வேணா இழுத்துட்டுப் போங்க. இப்ப விடுங்க, கும்பிடுதேன்."

"நடிப்பைப் பாரு!"

அண்ணாச்சி லாரி மேல ஏறி, தார்ப்பாயை வெடுக்குனு உருவினாரு. அப்படியே நின்னுட்டாரு.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணும்?"

மேலாக் கெடந்த கல்லுல மஞ்சளும் குங்குமமும். ஓரத்துல பேத்தெடுத்த சிமெண்டு.

"இது... வீட்டுக்குப் பூஜை போட்ட மூலைக்கல்லுல்லா?"

"ஆமா. ஆபீஸ்ல கல்லு அடுத்த வாரம்னுட்டாங்க. ஆறு அதுவரைக்கும் பொறுக்குமா? வீட்டை மெதுவாக் கட்டிக்கிடலாம்."

அண்ணாச்சி பைய எறங்கி வழியை விட்டாரு. முகத்துல ஈயாடல.

"கொட்டிட்டு லாரியை எங்க வீட்டுக்கு அனுப்புங்க சார்," ன்னவரு, தலையை நிமித்தாமச் சொன்னாரு:

"கோடையில இந்தத் தூணடியில அள்ளுன கல்லு, எம் மதில் சுவர்ல இருக்கு."