முன்ன நின்னு நடத்தணும்

பாண்டிச்சேரிப் பந்தல்காரன் குழந்தைவேலின் மாட்டுவண்டி, மூங்கிலும் கீற்றுமாக, சிவப்பிரகாசம் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சிங்காரவேலுவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? பாகூரில் இருபது வருஷமாக யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தலும் அலங்காரமும் அவர்தான். ஒரு வீட்டுக்குச் செய்ததை இன்னொரு வீட்டுக்குச் செய்ய மாட்டார். இப்போது சிவப்பிரகாசம் மகளுக்குக் கல்யாணம். அவர் கரும்பு போடுகிறவர், அதனால் வாசலில் கரும்பிலேயே வளைவு. மாப்பிள்ளை பிறப்பு இறப்பு எழுதும் பிரெஞ்சு சர்க்கார் மேரி ஆபீஸில் குமாஸ்தா, அதனால் ஜிகினாத் தாளில் பிரெஞ்சு எழுத்தில் மணமக்கள் பெயர். பத்து நாளாக மனுஷனுக்கு இதே யோசனை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கலியம்மாளிடம் வெடித்தார்.

"தட்டுல வெத்தல பாக்கு வச்சி, புருஷனும் பொண்டாட்டியுமா நம்ம வூட்டுக்கு வந்தாங்களா இல்லியா?"

"வந்தாங்க."

"அந்தத் தையலம்மா இன்னா சொல்லிச்சி? 'அண்ணா, நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்'னு சொல்லிச்சா இல்லியா?"

"சொல்லிச்சி."

"வெத்தல பாக்கு குடுத்தா வேல நம்முதுன்னுதானே அர்த்தம்? இப்ப பாண்டியிலேர்ந்து ஒருத்தன இட்டாந்து வச்சிருக்காங்க!"

"என்னையும் மொத நாளே வரச் சொன்னாங்களே. அது எதுக்குங்க?"

"பூ கட்டத்தான். வேற எதுக்கு?"

குழந்தைவேல், பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலு விழாவுக்குத் துரை பங்களாவையே அலங்காரம் செய்தவன் என்று பேர். கேஸ் லைட்டு, கலர்த் தாள், கண்ணாடி உருண்டை என்று வண்டி வண்டியாக இறக்கினான். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வாயைப் பிளந்தார்கள். பிளந்த ஒவ்வொரு வாயையும் சிங்காரவேலு மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தத் தெரு வழியாகப் போனார். பந்தலுக்குள் வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக இழுத்து விதானம் கட்டியிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏணி மேலிருந்து குழந்தைவேல் மரியாதையாகக் கேட்டான். "வேல எப்பிடிண்ணே?"

"காத்து அடிச்சா தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நேராகப் பலராமன் வாழைத்தோப்புக்குப் போனார். கல்யாண வாசலில் கட்ட வாழை வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்தில் அங்கேதான் வரவேண்டும்.

"குழந்தைவேல் ஆளுங்க வருவானுங்க. குல தள்ளுன மரம் ஒண்ணுகூட இல்லன்னு சொல்லிடு."

பலராமன் தயங்கினார். "நல்ல காரியம் நடக்கற வூடுப்பா அது..."

"இருபது வருஷமா உங்கிட்ட வாங்கறவன் நானா, அவனா?"

பலராமன் தலையாட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை சிவப்பிரகாசம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "அய்யா, உங்களையும் அம்மாவையும் உடனே இட்டாரச் சொன்னாங்க."

"ஏன், குழந்தைவேலுக்கு மூங்கில் புடிக்க ஆள் பத்தலியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். கலியம்மாள் எடுத்து வைத்த பட்டுப் புடவையைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.

முகூர்த்தத்தன்று காலை. அவ்வளவு பெரிய வீட்டு வாசலில் குலையும் இல்லாமல் பூவும் இல்லாமல் இரண்டு நோஞ்சான் வாழை நின்றன. எதிர்வீட்டு வைக்கோல் போர் ஓரமாக நின்று சிங்காரவேலு கண்குளிரப் பார்த்தார். அழுக்கு வேட்டியைக்கூட மாற்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாப்பா இது, மொட்ட வாழையக் கட்டி வச்சிருக்காங்க? கல்யாணத்துக்கு ஆவுமா இது?"

சிங்காரவேலுவுக்கு இரண்டு டம்ளர் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

சற்று நேரத்தில் மேளம் நின்றது. உள்ளே சலசலப்பு. "இன்னும் வரலியா?" "முகூர்த்தம் போயிடும்பா!" என்று குரல்கள். இன்னும் எதையோ கோட்டை விட்டிருக்கிறான், நன்றாக வேணும் என்று நினைத்துக்கொண்டார்.

பெண்ணின் அம்மா தையலம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தவள், வைக்கோல் போர் பக்கம் அவரைக் கண்டுவிட்டாள்.

"இங்கியா நிக்கறீங்க? நேத்திலேர்ந்து உங்களுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கோம்!"

சிங்காரவேலு அத்தனை நாள் எரிச்சலையும் கொட்டினார். "நான் எதுக்கு? அதான் பாண்டிக்காரன் வந்து கிழிக்கிறானே! வெத்தல பாக்கு எனக்கு, வேல அவனுக்கா? என் கைவேலயில இன்னா கொற கண்டீங்க, சொல்லுங்க!"

தையலம்மாள் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள். மெல்லப் புரிந்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாம ரெண்டு பேரும் ஒரே ஊரு, கிருமாம்பாக்கத்துல பொறந்தவங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டணும். மாமா வந்தாத்தான் மணையில உக்காருவேன்னு நிக்கறா."

சிங்காரவேலு தன் அழுக்கு வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாய்மாமனப் போயி யாராவது கூலிக்குப் பந்தல் போடச் சொல்வாங்களா, அண்ணா?"