ஐந்தாவது தட்டு

பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட் நகரில் எங்கள் ஸ்டூடியோவில் ஒலிநாடா வெட்டுவது என் வேலை. ஹெவி மெட்டல் இசைக்குழுப் பையன்கள் பாட்டைத் தொடங்குமுன் எல்லோரும் ஒன்றாகச் சேர, டிரம் குச்சிகளை நான்கு முறை தட்டுவார்கள். ஆல்பத்துக்குப் போகுமுன் அந்தத் தட்டல்களை நாடாவிலிருந்து பிளேடால் நறுக்கிவிடுவேன். டிரம்மர் வால்தெசீர் மட்டும் எவ்வளவு திட்டினாலும் ஐந்து தட்டுவான். ஆல்பம் பாதி பதிவாகியிருந்தபோது பைக் விபத்தில் செத்தான். அவன் வாசித்ததையெல்லாம் நானே அழித்தேன்.

அவன் இடத்துக்குப் புதிதாக வந்த ஜெனிவால்தோ முதல் பாட்டிலிருந்து வாசித்தான். நான்குதான் தட்டினான், எண்ணினேன். நாடாவை ஓட்டிக் கேட்டால் ஐந்து.

"யோவ் பெருசு, செத்தவன் வாசிச்சத ஒட்டிட்டு எம்பேரப் போடப் பாக்குறியா? ரெக்கார்டுல நான் இல்லன்னா இப்பவே கெளம்புறேன்."

"வாய மூடுறா. உன் கண்ணு முன்னாடிதானே புது நாடாவப் பிரிச்சேன்?"

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை, என் காதையும் சேர்த்துத்தான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் ஐந்து. ஐந்தையும் நறுக்கிக் குப்பையில் போட்டேன். ஆல்பம் சுத்தமாக வந்தது. அட்டையில் ஜெனிவால்தோ பெயர். அவன் அம்மா சீஸ் ரொட்டி சுட்டு அனுப்பினாள்.

ஞாயிறு மதியம் முதல் கச்சேரி. ஜெனிவால்தோ குச்சிகளைத் தூக்கி ஐந்து தட்டினான். குழுவின் மற்ற மூவரும் கொஞ்சமும் தடுமாறாமல் ஐந்தாவது தட்டுக்குப் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கி வந்ததும், ஏன் ஐந்து தட்டினாய் என்று கேட்டேன்.

"நாலுதான் பெருசு. காது போச்சா ஒனக்கு?" என்று சிரித்தான். பிறகு குனிந்து, "ரெக்கார்டுல இருக்கறது நான்தானே?" என்றான்.

தலையாட்டி வைத்தேன். இவனுக்கா, செத்தவனுக்கா, யாருக்கு ஆட்டினேன் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.