ராய்ஸ் எறிந்த தூரம்

“எழுந்திரிக்காதடா ராய்ஸ்… அப்படியே படுத்துக்கோ.”

வெர்னா உதட்டுக்குள் முணுமுணுத்தாள். மைதானத்தின் நடுவில், எதிரணித் தடியர்கள் மூன்று பேர் மேலே விழுந்து விலகிய இடத்தில், தலை தரையில் மோதி ராய்ஸ் மல்லாந்து கிடந்தான்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். “பயப்படாதீங்கம்மா. உங்க பையன் இரும்பு. இப்ப எழுந்துடுவான்.”

“அவன் என் பையன் இல்ல” என்றாள் வெர்னா வெடுக்கென்று.

ராய்ஸைப் பெற்றவள் மாக்சின், பக்கத்து இருக்கையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெர்னாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். வெர்னாவின் மகன் டீன், கீழே மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருந்தான். நாலு வருடமாக அங்கேதான் இருந்தான்.

இரண்டு பையன்களும் ஒரே கோடையில் எங்கள் ஊர்க் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்தவர்கள். இருவருக்கும் கண் ஒரே இடத்தின் மேல்: பந்தை எறிகிற குவார்ட்டர்பேக். டீனைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஆட்டத்தன்று அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. பதிலுக்கு ராய்ஸ் இறங்கினான். அவன் எறிந்த பந்துகளைப் பார்த்த பயிற்சியாளர் அதற்குப் பிறகு டீன் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்ரோல் பங்க் கண்ணாடியில் ராய்ஸ். வங்கிக் காலண்டரில் ராய்ஸ். தேவாலயத்தில் போதகர் ராய்ஸின் தோளுக்காக ஜெபம் பண்ணினார். டீனின் தோளில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதால் அதற்கு ஜெபம் தேவைப்படவில்லை.

இதில் கொடுமை, ராய்ஸ் தூரத்து ஊர்க்காரன். ஞாயிறு மதியம் டீனே அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வருவான். வெர்னா உருளைக்கிழங்கு மசியல் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றிக் கொடுப்பாள். “ஆன்ட்டி, இன்னொரு கரண்டி” என்று தட்டை நீட்டுவான். அவளும் சிரித்துக்கொண்டே போடுவாள். என் சோற்றைத் தின்ற தெம்பில்தானே என் பிள்ளையின் இடத்தில் நிற்கிறான் என்று வயிறு எரியும்.

இன்றைக்கு அவர்களுக்குக் கல்லூரியில் கடைசி ஆட்டம். இன்னும் ஒரே ஒரு நீளமான எறிதல் கைகூடினால், நாலு வருடக் கணக்கில் எங்கள் லீக்கில் இதுவரை எவனும் எறியாத மொத்தத் தூரம் ராய்ஸ் பெயரில் ஏறிவிடும். அந்த நேரத்தில்தான் அவன் விழுந்தான்.

“மாக்சின், டீன் ஹெல்மெட்ட மாட்டறான் பாரு!” என்றாள் வெர்னா. குரலில் இருந்த சந்தோஷம் அவள் காதிலேயே உறைத்தது.

ஆனால் யாரோ மயக்கம் தெளிய ராய்ஸின் மூக்கடியில் மருந்துக் குப்பியை நீட்டினார்கள். அவன் உதறிக்கொண்டு எழுந்தான். பாதி வழி வந்துவிட்ட டீனைப் பார்த்துப் பயிற்சியாளர், திரும்பிப் போ என்று கையாட்டினார். ராய்ஸ் நேராக எதிரணிக்காரர்களோடு போய் நின்றான். எங்கள் அணியில் ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி இந்தப் பக்கம் அழைத்து வந்தான். அரங்கமே சிரித்துக் கைதட்டியது.

“குறும்பப் பாருங்க!” என்றார் முன்வரிசைக்காரர்.

அடுத்தடுத்து இரண்டு எறிதல்கள் வீணாயின. மூன்றாவது பந்து நவம்பர் வெயிலில் சுழன்றுகொண்டே போய், ஓடிக்கொண்டிருந்தவனின் கைக்குள் உட்கார்ந்தது. ஒலிபெருக்கி ராய்ஸின் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். வெர்னாவும் நின்றாள், கைதட்டினாள். சத்தம் வரவில்லை.

முதல் ஆளாக ஓடிப்போய் ராய்ஸைக் கட்டிக்கொண்டவன் டீன்தான். ‘ரோஷம் கெட்ட பிள்ளை’ என்று பல்லைக் கடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களின் அம்மாக்கள் கம்பி வேலியோரம் இறங்கினார்கள். ராய்ஸ் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். மாக்சின் முதலில் போனாள். கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி மகனின் கன்னத்தைத் தொட்டாள். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு, தள்ளாடியபடி திரும்பி வந்தாள்.

“அழு, நல்லா அழு. உனக்கென்னம்மா, ராஜாவப் பெத்தவ!” என்று சொல்லிவிட்டு வெர்னா வேலியருகே போனாள். போகாமலிருந்தால் ஊர் பேசும்.

“பிரமாதம் ராய்ஸ்! நாளைக்கு மதியம் செர்ரி பை பண்றேன். டீனோட வந்துடு.”

ராய்ஸ் அவளைப் பார்த்தான். மரியாதையாகச் சிரித்தான்.

“ரொம்ப நன்றி மேடம். நீங்க யாரு?”

நாலு வருட எரிச்சல் அத்தனையும் வெர்னாவின் தொண்டைக்கு ஏறியது. விறுவிறுவென்று மாக்சினிடம் திரும்பி வந்தாள்.

“கேட்டியா உன் பிள்ள பேசின பேச்ச? நாலு வருஷமா என் கையால தின்னவன், நான் யாருன்னு கேக்கறான்! பேரு வந்ததும் தலகால் புரியலயா? பெஞ்சுல உக்கார்றவனப் பெத்தவன்னா அவ்வளவு எளக்காரமா? இதுதான் நீ வளர்த்த லட்சணமா?”

மாக்சின் வாயிலிருந்து கையுறையை எடுத்தாள்.

“என்னையும் அதையேதான் கேட்டான், வெர்னா.”