ஒரு துளை போதும்

வந்ததிலிருந்து அந்தப் பெண் காதில் மாட்டியிருந்த வெள்ளை இயர்பட்ஸைக் கழற்றவே இல்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே பொருள் வாங்க வந்திருக்கிறாள் போலும் என்று சசிகுமார் எண்ணிக்கொண்டான். அதுவும் நல்லதற்கே, பாதிக் காதோடு வருகிறவர்கள் அதிகம் துருவ மாட்டார்கள்.

ஆனால், உஷாராணி துருவினாள்.

"என்னாண்ணே இது, ஒரே ஒரு ஓட்டதான் இருக்கு?" மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்து, தாள்கட்டு போல் மெலிந்திருந்த அதன் விளிம்பை விரலால் தடவினாள்.

"அதாம்மா அதோட அழகே. ஓட்ட கூடுனா ஒடம்பு பெருத்துரும்லா."

கோலசிலாங்கூரை அடுத்த தோட்டமொன்றில், தொழிலாளர்கள் காலிசெய்து போய்விட்ட லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீடு அது. சுற்றிலும் செம்பனை மரங்கள். மழை இருட்டு நண்பகலையே விழுங்கியிருந்தது. சாரல் அடிக்கவே சசிகுமார் கதவையும் சாத்தியிருந்தான்.

விளம்பரத்தைப் பார்த்துத் தொடர்புகொண்டபோது, தஞ்சோங் காராங்கில் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாம் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். அந்தப் பக்கம் தான் வருவதில்லை என்று சொல்லி, அவன் இங்கே வரச் சொன்னான். ஒரு பெண் இப்படியோர் இடத்துக்கு மறுபேச்சின்றி வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது. வெளியே நின்ற அவளுடைய காரின் கண்ணாடிகள் உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தன.

எது எப்படியிருப்பினும், இந்தப் பொருள் இன்றே கைமாறிவிட வேண்டும். அது வீட்டை விட்டுப் போனால்தான் அவனுக்கு உறக்கம் வரும்.

"சார்ஜ் போட்டுக்கிட்டே பெண்டிரைவ் குத்தணும்னா எங்க குத்துறது?"

"இந்தக் காலத்துல பெண்டிரைவாம்மா? எல்லாத்தையும் கிளவுட்ல ஏத்திரலாம்." அவன் விரல் கூரையைக் காட்டியது.

"இந்த மழையிலயா?"

சசிகுமார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"டிவியில மாட்டிப் படம் பாக்கணும்னா?"

"நாலஞ்சு ஓட்ட வெச்ச சின்ன ஹப் ஒன்னு வாங்கிக்குங்க. ஆன்லைன்ல மலிவுதான்."

"நல்ல கதையா இருக்கே. மெலிசா லேப்டாப்ப வாங்கிட்டு, பை நெறைய வயரு, டப்பான்னு தூக்கிக்கிட்டு அலையணுமா? சரி, இதோட வந்த சார்ஜர் எங்க?"

"தொலஞ்சிருச்சும்மா. போன் சார்ஜரே போதும். அந்த ஒரு ஓட்ட எல்லாத்தையும் பாத்துக்கும்."

உஷாராணி மடிக்கணினியின் மறுபக்க விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே துளை எதுவுமே இல்லை.

"காதுல மாட்டுறதுக்காவது ஒரு ஓட்ட வெச்சிருக்கலாம். எனக்கும் என் தங்கச்சிக்கும் எப்பவும் இதே சண்டதான். நான் வயரு கட்சி. எந்த ஓட்டையும் வேணாம், மெலிசா இருந்தா போதும்னு சொல்வா அவ."

"ஓ, தங்கச்சிக்கா வாங்குறீங்க?"

"அவளுக்காகத்தான் வந்தேன்."

சசிகுமாரின் நெஞ்சிலிருந்த இறுக்கம் சற்றே தளர்ந்தது. அக்காள் தங்கைக்கு வாங்கும் அன்பளிப்பு; இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அவனுக்குக் கேலிகூட வந்துவிட்டது.

"வயரு கட்சிங்கிறீங்க, காதுல வயரில்லாததுதான இருக்கு? கட்சி மாறிட்டீங்களா?"

"இது இரவல்ணே. வீட்ல கெடந்துச்சு, போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"அப்பறம் என்னாம்மா? இதையே அதுக்கும் வெச்சுக்கலாமே. ஒரு தடவ ஜோடி சேத்துட்டாப் போதும். அப்பறம் பக்கத்துல வந்தாலே தானா ஒட்டிக்கும். மனுசன் மறந்தாலும் அதுங்க ஒன்ன ஒன்னு மறக்காது."

"நெசமாவா?" அவளுடைய குரல் தாழ்ந்திருந்தது. "அப்ப தொறந்து ஒரு பாட்டு போடுங்க. கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

சசிகுமார் தயங்கவில்லை. உள்ளே இருந்த பெயர், படங்கள், கோப்புகள் அனைத்தையும் அவனே தன் கையால் அழித்திருந்தான். கணினிக்கு உயிர் கொடுத்து, உறுமி மேளக் காணொளி ஒன்றை ஓடவிட்டான்.

திரையில் இளைஞர்கள் ஆடினார்கள். மேளக்காரரின் கை பறந்தது. ஆனால், சத்தம் இல்லை.

ஒலியளவைக் கூட்டினான். கடைசிவரை கூட்டினான். தகரக் கூரையின் மேல் மழை பெய்யும் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

"நேத்துகூட நல்லாப் பாடுச்சும்மா. ஸ்பீக்கர் என்னாச்சின்னு தெரியல..." அவன் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தான்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு."

உஷாராணி எழுந்து சன்னலருகே சென்றாள். கண்ணாடியில் படிந்திருந்த மூட்டத்தைத் துடைத்துவிட்டு, வெளியே பார்த்துக் கையை உயர்த்தினாள். கார்க் கதவொன்று மூடப்படும் ஓசை கேட்டது. தொடர்ந்து இன்னொன்று.

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். ஒரு காதிலிருந்ததை மட்டும் மெல்லக் கழற்றி, மடிக்கணினியின் பக்கத்தில் வைத்தாள். அந்தச் சிறு வெள்ளைப் பொருளுக்குள்ளிருந்து, எறும்பு கத்துவது போல, உறுமி மேளம் கேட்டது.

தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரச் சாலை சசிகுமாரின் கண்முன் வந்து நின்றது. அன்றும் இதே மழை. முன்னால் போன மோட்டார் சைக்கிள்; அதில் இருந்த பெண்ணின் தோளில் ஒரு பை; ஓட்டத்திலேயே அவன் இழுத்த ஓர் இழுப்பு. அவள் நீரில் விழுந்த ஓசை கேட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

உஷாராணி அவனையே பார்த்தாள்.

"இது என் தங்கச்சியோடது, அண்ணே."